கார்பன் செராமிக் டிஸ்க்கில் பிரேக் பேட் மாற்றுவது: பந்தயத் தடத்தில் ஓட்டத் தொடங்குபவர்களுக்கு

கார்பன் செராமிக் பிரேக் உள்ள காரில் பேட் மாற்றுவது, ஸ்பேனர் பிடித்துப் பழகிய எவரும் அரை நாளில் முடிக்கக்கூடிய வேலை. நான்கு சக்கரம், எட்டு பேட், பேட்டைப் பிடித்திருக்கும் சில பின்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த அரை நாளில் கை தவறினால் பாழாவது பேட் அல்ல, டிஸ்க். பேட், சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை அழுத்தி நிறுத்தித் தேய்வதற்கென்றே செய்யப்பட்ட பொருள். ஒரு கார்பன் செராமிக் டிஸ்க்கின் விலைக்குப் பல செட் பேட் வாங்கிவிடலாம். அதனால் ஒவ்வொரு படியிலும் ‘இது டிஸ்க்குக்குக் கேடு செய்யுமா’ என்று ஒரு கணம் யோசித்துவிட்டுக் கை வையுங்கள். இந்த வேலையில் கற்க வேண்டியது பெரும்பாலும் அந்த யோசனைதான்.

எடுத்துக்காட்டுக்குப் போர்ஷே 718 கேமேன் ஜிடி4 காரை வைத்துக்கொள்கிறேன். முன்னால் 410 மில்லிமீட்டர், பின்னால் 390 மில்லிமீட்டர் விட்டமுள்ள கார்பன் செராமிக் டிஸ்க்குகளைக் கூடுதல் விலை கொடுத்துத் தேர்ந்தெடுக்க முடிந்தது. பேட்டுகளை டிஸ்க்கின் இருபுறமும் அழுத்தும் கவ்விதான் காலிப்பர். முன் காலிப்பரில் ஆறு பிஸ்டன், பின் காலிப்பரில் நான்கு. அண்ணன் முறையான 911 ஜிடி3இல் சக்கரத்தை நடுவே ஒரே பெரிய நட் பிடித்திருக்கும். அதை 600 நியூட்டன் மீட்டர் வரை இறுக்க வேண்டும். அதற்கான கருவியும் உதவிக்கு ஓர் ஆளும் எல்லோரிடமும் இருப்பதில்லை. ஜிடி4இல் வழக்கமான ஐந்து போல்ட்தான், முதன்முதலில் கற்றுக்கொள்ள இதுவே ஏற்றது. ஃபெராரி, மெக்லாரன், லம்போர்கினி என்று வேறு கார் வைத்திருந்தாலும் வேலையின் அடிப்படை ஒன்றுதான். அளவுகளையும் இறுக்கங்களையும் மட்டும் உங்கள் காரின் பணிமனைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க்கைப் புரிந்துகொள்ளுங்கள்

போர்ஷே இந்த வகை பிரேக்கை 2001இல் 911 ஜிடி2 காரில் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே ஃபெராரி என்ஸோவில் இத்தாலிய பிரேக் நிறுவனமான பிரெம்போவின் கார்பன் செராமிக் டிஸ்க் வந்தது. துண்டு துண்டாக நறுக்கிய கார்பன் இழைகளைப் பிசினோடு சேர்த்து அச்சில் அழுத்தி, காற்றில்லாமல் சுட்டுக் கரியாக்கி, பிறகு ஏறத்தாழ 1,700 டிகிரி செல்சியஸில் உருகிய சிலிக்கானை அதற்குள் ஊறவிடுவார்கள். சிலிக்கானும் கார்பனும் சேர்ந்து சிலிக்கான் கார்பைடு ஆகிவிடும். உப்புத்தாளில் மணலுக்குப் பதில் ஒட்டுகிறார்களே, அதே கடினமான பொருள். ஃபார்முலா 1 கார்களில் இருப்பது இதுவல்ல. அங்கே டிஸ்க்கும் பேட்டும் முழுக்கக் கார்பன். அவை நன்றாகச் சூடேறினால்தான் பிடிக்கும், தெருவில் ஓட்ட ஒத்துவராது.

வார்ப்பிரும்பு டிஸ்க்கோடு ஒப்பிட்டால் கார்பன் செராமிக்கின் எடை பாதியளவுதான். சக்கரத்தோடு சுழலும் எடை குறைவதால் காரின் திசைமாற்றமும் சஸ்பென்ஷனும் துடிப்பாகின்றன. அதே எடைக்குறைவுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்ளப் பொருள் குறைவாக இருப்பதால், அதே பிரேக் அழுத்தத்தில் இந்த டிஸ்க் இரும்பைவிட அதிகச் சூட்டுக்குப் போகும். ஓட்டுநரோடு சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 250 கிலோமீட்டரிலிருந்து 80க்கு இறங்கும்போது சுமார் 32 லட்சம் ஜூல் ஆற்றல் வெப்பமாகிறது. பதினோரு லிட்டர் கொள்ளும் ஒரு குடம் தண்ணீரை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, கிட்டத்தட்ட அவ்வளவு. பிரேக் அதைச் சில விநாடிகளில் வாங்கிக்கொள்கிறது, அடுத்த வளைவில் மறுபடியும் வாங்குகிறது.

டிஸ்க் இந்தச் சூட்டில் உருகுவதில்லை, வளைவதும் இல்லை. ஆனால் அதற்குள் இருக்கும் கார்பன், ஏறத்தாழ 500 டிகிரியைத் தாண்டியதும் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல எரியத் தொடங்குகிறது. தெருவில் மட்டும் ஓடினால் டிஸ்க் மிக நீண்ட காலம் வரும் என்று விற்பனையாளர்கள் சொல்வது பொய்யல்ல. தடத்தில் ஓட்டுகிறவருக்கு அந்தக் கணக்கு செல்லாது. இங்கே டிஸ்க்கின் தடிமன் பெரிதாகக் குறையாமலே எடை குறைந்துகொண்டு வரும். இரும்பு டிஸ்க்கைத் தடிமன் அளந்து சோதிக்கிறோம். இதை எடை போட்டும் சோதிப்பது அதனால்தான்.

எந்தப் பேட்

புதியவர்கள் அதிகமாக இடறி விழும் இடம் இது. உதிரிபாகக் கடையிலும் இணையத்திலும் ‘செராமிக் பேட்’ என்ற பெயரில் விற்கப்படுபவை சாதாரணக் கார்களின் இரும்பு டிஸ்க்குக்கானவை. பேட்டின் கலவையில் செராமிக் இழை இருப்பதால் அந்தப் பெயர். பெட்டியில் ‘கார்பன் செராமிக்’ என்றே எழுதியிருந்தாலும் அது பேட்டின் கலவையைக் குறிப்பதாக இருக்கலாம். பெட்டியில் தேட வேண்டிய செய்தி ஒன்றே: ‘கார்பன் செராமிக் டிஸ்க்கில் பயன்படுத்துவதற்கு’ என்று தயாரிப்பாளரே எழுத்தில் சொல்லியிருக்கிறாரா? இல்லையென்றால் வாங்காதீர்கள். இரும்பு டிஸ்க்குக்கான பந்தய பேட்டின் உராய்வுப் பொருள் இந்த டிஸ்க்கின் மேற்பரப்பைக் கெடுத்துவிடும். ‘ஒரு நாள்தானே’ என்று அதைப் போட்டு ஓட்டுவது வீண் துணிச்சல்.

காரோடு வரும் மூல பேட் தெருவுக்கும், அவ்வப்போது தடத்துக்கும் போதும். ஒரு நாளில் நான்கைந்து முறை, ஒவ்வொரு முறையும் இருபது நிமிடம் விரட்டி ஓட்டுகிற நிலைக்கு நீங்கள் வந்துவிட்டால்தான் தடத்துக்கான பேட் தேவைப்படும். பாகிட் நிறுவனத்தின் ஆர்எஸ்சி வரிசை, கார்பன் செராமிக் டிஸ்க்குக்கென்றே செய்யப்பட்டது. அதில் ஆர்எஸ்சி1 தடத்தில் ஓட்டுபவர்களிடையே பரவலாகப் புழங்குகிறது. பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் பேட் வேறு என்பதை மறக்காதீர்கள். அதே நிறுவனத்தின் ஆர்எஸ்எல்29 இரும்பு டிஸ்க்குக்கானது.

முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று கலவையை மாற்றிப் போடாதீர்கள். முன்பின் பிரேக்கின் சமநிலையை வைத்துத்தான் ஏபிஎஸ் அமைப்பு கணக்கிடுகிறது. பின் பேட் மட்டும் அதிகமாகப் பிடித்தால், வேகமான வளைவில் பிரேக்கை அழுத்தும்போது காரின் பின்பக்கம் சுழன்றுவிடும். தடத்துக்கு ஒரு செட், தெருவுக்கு ஒரு செட் என்று வாராவாரம் மாற்றும் பழக்கமும் எனக்கு ஏற்புடையதல்ல. ஒவ்வொரு கலவையும் டிஸ்க்கின் மேல் தனக்கென்று ஒரு மெல்லிய படலத்தைப் படியவைக்கிறது. அடிக்கடி மாற்றினால் எந்தப் படலமும் சீராக அமையாது. போதாததற்கு, ஒவ்வொரு முறை சக்கரத்தைக் கழற்றும்போதும் டிஸ்க்குக்கு ஓர் ஆபத்து. ஒரு கலவையைத் தேர்ந்தெடுத்தால் அதோடு இருங்கள். தெருவில் அது கிறீச்சிடும், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எப்போது மாற்றுவது

தெருவில், பேட் தேய்ந்ததைச் சொல்லும் எச்சரிக்கை விளக்கு எரியும்வரை காத்திருக்கலாம். தடத்துக்கு அந்த விளக்கை நம்பாதீர்கள். புதிய பேட்டின் உராய்வுப் பகுதி 12 மில்லிமீட்டர் என்றால், 6 வந்ததும் மாற்றிவிட வேண்டும். பாதி பேட்டை வீணாக்குவதாகத் தோன்றும். டிஸ்க்கின் சூட்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே நிற்கும் தடுப்பு அந்தப் பேட்டின் தடிமன்தான். அது மெலிந்தால் சூடு, உராய்வுப் பொருள் ஒட்டியிருக்கும் இரும்புப் பின்தகட்டைத் தாண்டிப் பிஸ்டனுக்குப் போகும், பிஸ்டனின் ரப்பர் சீலைக் கருக்கும், பிரேக் ஆயிலைக் கொதிக்க வைக்கும். மெலிந்த பேட் வேகமாகவும் தேயும். காலையில் ‘இன்று மாலைவரை தாங்கும்’ என்று தோன்றுவது மதியத்திலேயே தகட்டைத் தொட்டுவிடலாம். தகட்டின் இரும்பு டிஸ்க்கில் உரசினால் அந்த டிஸ்க்கைத் திரும்பப் பார்க்க வேண்டாம்.

ஓட்டும்போது மிதி சொல்லும் செய்தியையும் படிக்கப் பழகுங்கள். மிதி கல்லைப் போல் உறுதியாக இருக்கிறது, ஆனால் கார் நிற்கத் தயங்குகிறது என்றால், பேட் தன் வெப்ப எல்லையைத் தாண்டிவிட்டது. மிதி பஞ்சாகி உள்ளே போகிறது என்றால் பிரேக் ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டாகியிருக்கிறது. முதலாவதற்கு வேறு பேட் வேண்டும் அல்லது நிதானம் வேண்டும். இரண்டாவதற்கு எவ்வளவு விலையுயர்ந்த பேட் போட்டாலும் பயனில்லை.

பிரேக் ஆயில்

ஆகவே பேட் மாற்றும் அன்றே ஆயிலையும் மாற்றிவிடுவது என் பரிந்துரை. டாட் 4 தரத்துக்குக் குறைந்தபட்சக் கொதிநிலை, புதிதாக இருக்கும்போது 230 டிகிரி. ஈரம் ஏறிய பிறகு 155. பந்தயத்துக்கான ஆயில்கள் இதைவிட எவ்வளவோ மேல். மோட்டுல் ஆர்பிஎஃப் 600 புதிதில் 312 டிகிரியில் கொதிக்கும். காஸ்ட்ரால் ரியாக்ட் எஸ்ஆர்எஃப் புதிதில் 320. ஈரம் ஏறிய நிலையிலும் 270 வரை தாங்கும் என்பதே அதன் தனிச்சிறப்பு.

அந்த இரண்டாவது எண்ணைத்தான் நம் ஊர்க்காரர்கள் முதலில் பார்க்க வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் ஓட்டுகிறவரின் கார் ஆண்டு முழுவதும் சென்னையின் கடற்கரைக் காற்றில் நிற்கிறது. சிப்பாங்கில் ஓட்டும் மலேசியத் தமிழர்களுக்கு ஈரப்பதம் இன்னும் கூடுதல்; அங்கே அடுத்தடுத்து இரண்டு நீண்ட நேர்பாதைகள், இரண்டின் முடிவிலும் முழு வேகத்திலிருந்து பிரேக் போட்டே தீர வேண்டும். இப்படிப்பட்ட இடங்களில் ஆண்டுக்கொருமுறை என்ற கணக்கு போதாது. திறந்து வைத்த பாதி டப்பாவை அடுத்த மாதத்துக்கு எடுத்து வைப்பதும் வேண்டாம். டாட் 5 என்று மட்டும் எழுதியது சிலிக்கோன் வகை. அதை இதில் ஊற்றவே கூடாது. டாட் 5.1 வேறு, அது டாட் 4இன் குடும்பம்.

சக்கரத்தைக் கழற்றுவது

டிஸ்க் முழுவதும் ஆறிய பிறகே தொடங்குங்கள். சமதளமான சிமெண்டுத் தரை, ஜாக், எடையைத் தாங்கும் ஸ்டாண்டுகள், அளவோடு இறுக்கும் டார்க் ரெஞ்ச், பின்னைத் தட்டியெடுக்கும் பஞ்ச், பிளாஸ்டிக் அல்லது மர ஆப்புகள், பிஸ்டனை உள்ளே தள்ளும் கருவி, தடிமன் அளக்கும் வெர்னியர், உறிஞ்சுகுழல், துணி இவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஜாக்கின் மேல் மட்டும் நிற்கும் காரின் அடியில் கையைக்கூட நீட்டாதீர்கள். சில கார்களில் மின்சாரப் பார்க்கிங் பிரேக் பின் காலிப்பரையே இயக்கும். அவற்றைக் கணினி வழியாகப் பராமரிப்பு நிலைக்கு மாற்றினால்தான் பிஸ்டன் உள்ளே போகும். ஜிடி4இல் பார்க்கிங் பிரேக்குக்கு டிஸ்க்கின் நடுவே குடம் போலிருக்கும் பகுதிக்குள் தனி பிரேக் ஷூ உண்டு, ஆகவே அந்தத் தொல்லை இல்லை.

இனி இந்த வேலையிலேயே டிஸ்க் அதிகம் அடிபடும் கட்டம். இன்றைய ஜெர்மானியக் கார்கள் பெரும்பாலானவற்றில், சக்கரம் பொருந்தும் ஹப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டட் கிடையாது. சக்கரத்தின் துளை வழியாகப் போல்ட்டைச் செருகி முறுக்க வேண்டும். கடைசிப் போல்ட்டைக் கழற்றியதும் சக்கரத்தைத் தாங்க எதுவும் இருக்காது. இருபது அங்குலச் சக்கரம் சற்றே சரிந்தால் போதும், அதன் உள்விளிம்பு டிஸ்க்கின் ஓரத்தில் மோதும். இரும்பாக இருந்தால் ஒரு கீறலோடு போகும். கார்பன் செராமிக் உடையும் தன்மையுள்ளது. ஓரம் சில்லுப் பெயர்ந்துவிடும்.

இதற்காகவே போர்ஷே வழிகாட்டிப் பின்களைக் காரோடு கொடுக்கிறது. பலர் அவை எதற்கென்று தெரியாமல் கருவிப் பையிலேயே விட்டுவிடுகிறார்கள். மேலே உள்ள ஒரு போல்ட்டைக் கழற்றி, அதே துளையில் பின்னைக் கையால் முறுக்குங்கள், எதிர்ப்புறம் இன்னொன்று. பிறகு மற்றப் போல்ட்டுகளைக் கழற்றி, சக்கரத்தைப் பின்களின் மேலேயே நேராக வெளியே இழுங்கள். சக்கரம் டிஸ்க்கை முழுதும் தாண்டிய பின்பே பக்கவாட்டில் நகர்த்தலாம். பின்கள் இல்லையென்றால் வாங்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

பழைய பேட்டை எடுப்பது

பேட் தேய்ந்த தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், அது நுரையீரலுக்கு ஆகாது. முகக்கவசம் போட்டுக்கொண்டு ஈரத்துணியால் காலிப்பரைத் துடையுங்கள். பிரேக் ஆயில் தொட்டியின் மூடியைத் திறந்து, குழலால் கொஞ்சம் ஆயிலை உறிஞ்சி எடுத்துவிடுங்கள். பிஸ்டன்கள் உள்ளே போகும்போது ஆயில் தொட்டிக்குத் திரும்பும். அது வழிந்து பெயிண்டில் பட்டால் பெயிண்ட் உரியும்.

நிலையான காலிப்பர் பலவற்றில், பின்னையும் அதைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங்கையும் எடுத்துவிட்டால் பேட்டைப் பின்பக்கத் திறப்பு வழியாகவே உருவலாம். சிலவற்றில் பேட் திறப்பைவிடப் பெரியது, காலிப்பரையே கழற்ற வேண்டும். அப்படிக் கழற்றினால் அதைக் குழாயில் தொங்கவிடாதீர்கள். கம்பியால் சஸ்பென்ஷனில் கட்டி வையுங்கள். காலிப்பர் போல்ட்டை ஒருமுறைதான் பயன்படுத்தலாம் என்று கையேடு சொன்னால் புதிய போல்ட் போடுங்கள். பேட் தேய்மான உணரியின் ஒயரை இழுக்காமல், இணைப்பியைப் பிடித்துக் கழற்ற வேண்டும். சூட்டில் நாள்பட வெந்த பிளாஸ்டிக், விரல் நகம் பட்டாலே நொறுங்கும்.

போர்ஷேயின் மூல பேட் அசையாமல் சண்டித்தனம் செய்தால் வியக்க வேண்டாம். பேட்டின் முதுகில் அதிர்வு தணிக்கும் தகடுகள் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். அவற்றின் மறுமுனை பிஸ்டனின் குழிக்குள் செருகியிருக்கும். பேட்டைச் சற்று உள்நோக்கித் தள்ளி, பின்தகட்டுக்கும் பிஸ்டனுக்கும் இடையே மெல்லிய தகட்டை நுழைத்து நிதானமாகப் பிரித்தால் வந்துவிடும். அவசரப்பட்டு ஸ்க்ரூடிரைவரை டிஸ்க்கின் மேல் ஊன்றி நெம்பத் தோன்றும். நெம்பாதீர்கள். ஊன்றுகோலாக எதை வைத்தாலும் சரி, டிஸ்க்கை மட்டும் வைக்கக் கூடாது.

ஒரே நேரத்தில் இரண்டு பேட்டையும் வெளியே எடுக்காதீர்கள். ஒரு பக்கத்துப் பிஸ்டனை உள்ளே தள்ளினால் மறுபக்கத்துப் பிஸ்டன் வெளியே வரும், ஆறும் ஒரே ஆயிலால் இணைந்தவை. பழைய பேட் ஒன்று மறுபக்கத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும்போதே இந்தப் பக்கத்தை முடித்து, புதியதைச் செருகிவிட்டு, பிறகு அந்தப் பக்கம் போங்கள். தள்ளுமுன் பிஸ்டனின் வெளிப்பட்ட பகுதியைப் பிரேக் ஆயில் நனைத்த துணியால் துடைத்துவிட்டால் தூசி சீலுக்குள் போகாது. ஒரு பிஸ்டன் மட்டும் முரண்டு பிடித்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். எடுத்த பேட் ஒரு முனையில் மட்டும் அதிகமாகத் தேய்ந்திருந்தால் இரண்டுக்கும் தொடர்பு இருக்கும். சீலை மாற்றும் காலம் வந்துவிட்டது.

டிஸ்க்கைப் பார்ப்பது

பேட் வெளியே இருக்கும் இந்த நேரத்தைத் தவறவிடாதீர்கள். கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்து டிஸ்க்கைச் சுற்றிப் பாருங்கள். மேற்பரப்பில் வயல் வெடிப்பு போல நுண்ணிய வலைக்கோடுகள் தெரியும். அவை புதிய டிஸ்க்கிலும் இருக்கும், அஞ்ச வேண்டியதில்லை. காற்றுத் துளைகளின் விளிம்பு பெயர்ந்திருக்கிறதா, ஓரத்தில் சில்லு போயிருக்கிறதா, துளையிலிருந்து துளைக்கு விரிசல் ஓடுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். இழைகள் நாராக வெளியே தெரிந்து, தொட்டால் சொரசொரவென்றிருந்தால் மேற்பரப்பு எரியத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

டிஸ்க்கின் நடுப்பகுதியில் குறைந்தபட்ச எடை பொறிக்கப்பட்டிருக்கும். இது கிராம் கணக்கு. ஆண்டுக்கொருமுறையாவது டிஸ்க்கைக் கழற்றி, நல்ல மின்னணுத் தராசில் வைத்து அந்த எண்ணோடு ஒப்பிடுங்கள். கழுவிய உடனே வைக்காதீர்கள்; டிஸ்க் தண்ணீரை உறிஞ்சும், அதன் எடையும் சேர்ந்து ஏமாற்றும். டிஸ்க்கைக் கழற்றாமலே, அதன் மேல் வைத்து அளக்கும் கார்போடெக் என்ற கருவியும் உண்டு, விலை அதிகம் என்பதால் பணிமனைகளில்தான் இருக்கும். கழற்றினால் இடது டிஸ்க் எது, வலது எது என்று குறித்து வையுங்கள். உள்ளே காற்றோடும் வழிகள் சுழலும் திசைக்கேற்ப வளைந்திருக்கின்றன.

புதிய பேட்டைப் பொருத்துவது

இது சுருக்கமான பகுதி. பேட்டின் உராய்வு முகத்தில் விரல் படாமல் ஓரத்தைப் பிடியுங்கள். காலிப்பரில் பேட் சறுக்கும் இரண்டு ஓரங்களைத் துடைத்துச் சுத்தமாக்குங்கள். அதிகச் சூடு தாங்கும் கிரீஸைப் பின்தகட்டின் காதுகளில் பட்டும் படாமலும் தடவலாம். அது டிஸ்க்கில் ஒரு புள்ளி பட்டாலும் டிஸ்க் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். பேட் கையால் தள்ளினாலே சறுக்கிப் போய் அமர வேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் எங்கோ அழுக்கு இருக்கிறது அல்லது பேட் தவறானது.

தடத்துக்கான பேட் பலவற்றில் தேய்மான உணரிக்கு இடம் இருக்காது. பழைய உணரியைச் சுழலும் பாகத்தில் படாதபடி கட்டி வையுங்கள், அல்லது எச்சரிக்கை விளக்கை அணைக்கும் போலி இணைப்பியைப் போடுங்கள். விளக்கை அணைத்துவிட்டால், அன்றிலிருந்து பேட்டைக் கண்ணால் பார்த்து அளக்கும் பொறுப்பு முழுக்க உங்களுடையது. பழைய பின்னும் ஸ்பிரிங்கும் சூட்டில் நிறம் மாறி நீலம் பாரித்திருந்தால் புதியவை போடுங்கள்.

சிலர் பேட்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே டைட்டானியத் தகடு வைக்கிறார்கள். டைட்டானியம் வெப்பத்தை எஃகைவிட வெகு குறைவாகவே கடத்தும், ஆகவே ஆயிலுக்குப் போகும் சூடு குறையும். நல்ல யோசனைதான். ஆனால் பேட்டைப் பாதியில் மாற்றுவதும் நல்ல ஆயிலும் பழக்கமான பிறகே அதைப் பற்றி யோசியுங்கள்.

நான்கு சக்கரமும் முடிந்ததும் ஆயிலை மாற்றிக் காற்றை வெளியேற்றுங்கள். இந்தக் காலிப்பர் ஒவ்வொன்றிலும் உள்ளே ஒன்று, வெளியே ஒன்றாக இரண்டு நிப்பிள்கள். இரண்டையும் திறக்க வேண்டும். சக்கரத்தைக் கழற்றியது போலவே வழிகாட்டிப் பின்களின் மேல் ஏற்றிப் பொருத்தி, கார் தரையில் இறங்கிய பின் போல்ட்டுகளை எதிரெதிராக 160 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள்.

இப்போது மிதியை மெதுவாகப் பலமுறை அழுத்துங்கள். முதல் சில அழுத்தங்களில் மிதி தரைவரை போகும். பிஸ்டன்கள் பேட்டைத் தேடி வருகின்றன. மிதி உறுதியாகும்வரை கியரைத் தொடாதீர்கள். தொட்டியில் ஆயில் அளவைச் சரிபார்த்து மூடியை மூடுங்கள். ஒரு நடை வேகத்தில் நகர்ந்து நிறுத்திப் பார்த்த பிறகே வாசலைத் தாண்டலாம்.

படியவைப்பது

புதிய பேட் தன் பொருளில் ஒரு மெல்லிய படலத்தை டிஸ்க் முழுவதும் சீராகப் பூசிய பிறகுதான் முழுப் பிடி கிடைக்கும். இதைப் பொதுச்சாலையில் செய்யாதீர்கள். தடத்தில் முதல் ஓட்டத்தை இதற்கென்றே ஒதுக்குங்கள். பேட்டோடு வரும் தாளில் உள்ள முறைதான் இறுதியானது. பொதுவான போக்கு இப்படி இருக்கும்: மணிக்கு 150 கிலோமீட்டரிலிருந்து 80 வரை மிதமான அழுத்தத்தில் சில முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவே காற்றில் ஆற இடைவெளி. பிறகு 180இலிருந்து 60 வரை, படிப்படியாக அழுத்தத்தைக் கூட்டிச் சில முறை. எந்த முறையும் கார் முழுவதும் நிற்கும்வரை அழுத்த வேண்டாம். சூடான பேட் ஒரே இடத்தில் நின்றால் அங்கே மட்டும் படலம் தடித்து, பிறகு மிதி அதிரும். நடுவில் பிடி சற்றுக் குறைந்து, கருகிய வாசனை வரும். புதிய பேட்டிலுள்ள பிசின் ஆவியாகிறது. அதன்பின் பிரேக்கைத் தொடாமல் ஒரு சுற்று மெதுவாக ஓட்டி, தடத்தோரம் கார்களை நிறுத்தும் இடமான பிட்டுக்கு வந்து முழுதும் ஆறவிடுங்கள். டிஸ்க்கில் ஒரே சீரான மங்கிய நிறம் தெரிந்தால் படிந்துவிட்டது. திட்டுத்திட்டாக இருந்தால் இன்னொரு முறை.

தடத்தில்

ஒவ்வோர் ஓட்டத்தின் கடைசிச் சுற்றையும் பிரேக்குக்குக் கொடுத்துவிடுங்கள். பிட்டில் நின்றதும் மிதியிலிருந்து காலை எடுங்கள், பார்க்கிங் பிரேக்கைப் போடாமல் கியரில் விட்டுச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வையுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள். மழையிலோ கழுவிய பிறகோ முதல் அழுத்தத்தில் பிடி தாமதமாக வரும். பிட்டை விட்டு வெளியேறும்போதே ஒருமுறை இலேசாக அழுத்தி உலர்த்திக்கொள்ளுங்கள்.

தடத்தை விட்டு விலகிச் சரளைக்கல் படுகையில் போய்விட்டால், கார் ஓடுகிறது என்பதற்காக அப்படியே தொடர வேண்டாம். ஒரு சிறு கல் டிஸ்க்குக்கும் காலிப்பருக்கும் நடுவே சிக்கினால் ஒரே சுற்றில் பள்ளம் பறித்துவிடும். மெதுவாகப் பிட்டுக்கு வந்து, ஆறவிட்டு, சக்கரத்தைக் கழற்றிக் கற்களை எடுத்த பிறகுதான் மறுபடி ஓட்டம். அன்றைய மிச்ச நேரம் போகிறதே என்று வருத்தமாக இருக்கும். இருந்தாலும் இதைச் செய்தே ஆக வேண்டும்.

ஒவ்வோர் ஓட்டத்துக்கும் பிறகு கைவிளக்கை ஆரங்களுக்கு இடையே நீட்டி, பேட்டின் தடிமனைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுங்கள். முன் இடது, முன் வலது, உள் பேட், வெளி பேட் என்று தனித்தனியாக. வலஞ்சுழித் தடத்தில் ஒரு பக்கம் அதிகம் தேய்வது இயல்பு. மூன்று நான்கு நாள் ஓட்டங்களின் எண்கள் சேர்ந்ததும், உங்கள் கையில் உங்கள் காரில் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு பேட் தேய்கிறது என்பது தெரிந்துவிடும். அடுத்த செட்டை எப்போது வாங்க வேண்டும் என்பதை அதிலிருந்து கணக்கிட்டு, தடத்துக்குப் போகும் தேதிக்குப் போதிய காலம் முன்பே சொல்லிவைத்து விடுங்கள். இந்த வகை பேட் எல்லாக் கடையிலும் இருப்பில் கிடைப்பதில்லை.